உயர் பதவியில் இருப்பவர்கள் உடற்பயிற்சிக்கு எப்படி நேரம் ஒதுக்குகிறார்கள்?

வேலை போக மிச்சமிருக்கும் நேரத்தில் செய்துகொள்ளலாம் என்று இருந்தால் கடைசிவரை செய்ய மாட்டீர்கள். நீங்களும் என்னைப் போல ஒரு மீட்டிங் முடிந்ததும் அடுத்ததற்கு ஓடுகிறவர் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

ஒரு பெரிய பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. வயது ஐம்பதை நெருங்குகிறது. ஒருநாள் லிஃப்ட் ஓடவில்லை. ஒரு மீட்டிங்குக்காகப் படியேறி நான்காவது மாடிக்குப் போனேன். எல்லோரும் உட்கார்ந்து என்னையே பார்க்கிறார்கள், வாயைத் திறந்தால் பேச்சு வரவில்லை, மூச்சுதான் வாங்கியது. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை அறையே காத்திருந்தது. அது என்னை மிகவும் உறுத்தியது. அன்று மாலையே உதவியாளரிடம் சொல்லிவிட்டேன்: செவ்வாய், வெள்ளி காலை ஏழிலிருந்து எட்டு மணி வரை என் காலண்டரில் யாரும் கை வைக்கக் கூடாது, எம்.டி. கேட்டாலும் முதலில் வேறு நேரம் சொல்லிப் பாருங்கள் என்று. எம்.டி. சில தடவை கேட்டார், அப்புறம் அவரே எட்டுக்கு மேல் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

அந்த நேரம் முழுக்க எடைப் பயிற்சிக்குத்தான். நடைக்குத் தனி நேரம் கிடையாது. திரையைப் பார்க்கத் தேவையில்லாத போன் பேச்சையெல்லாம் நடந்துகொண்டே பேசுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சியும் வேண்டும் என்கிறது. முன்பு தொடர்ந்து 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்றிருந்தது. அந்த நிபந்தனையை இப்போது எடுத்துவிட்டார்கள். துண்டு துண்டாக நேரம் கிடைக்கும் நமக்கு இது பெரிய விஷயம்.

'உதவியாளர் இருக்கிறார், உங்களுக்கு என்ன, சொல்லலாம்' என்பார்கள். சரி, கேள்வியே அப்படிப்பட்ட பதவியில் இருப்பவர்களைப் பற்றித்தானே? நான் டாக்டரும் இல்லை. இதயக் கோளாறு, மூட்டுவலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடையைத் தொடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மாலை ஆறரைக்கு 'ஐந்தே நிமிடம்' என்று கூப்பிட்டு எட்டரை வரை இழுக்கிற பழக்கம் மேலே இருப்பவர்களிடம்தான் தொடங்குகிறது. ஊழியர்களுக்கு நடைப் போட்டி அறிவித்துவிட்டு, அதே வாரம் இரவு ஒன்பது மணிக்கு ரிவ்யூ வைப்பது என்ன நியாயம்? நம்முடைய ஒரு மணி நேரத்தைக் காப்பாற்றிக்கொண்டு, கீழே இருப்பவர்களின் நடையையும் தூக்கத்தையும் பிடுங்கக் கூடாது. என் பிரிவில் ஆறு மணிக்கு மேல் மீட்டிங் கிடையாது. அதனால் இதுவரை எந்த வேலையும் நின்றுபோகவில்லை.