வேர் தேடி ஆர்மீனியாவுக்கு: கேள்வி பதில்

உலகெங்கும் சிதறி வாழும் ஆர்மீனியக் குடும்பங்களின் இளைஞர்கள் வேர் தேடி ஆர்மீனியாவுக்குப் போய்த் தொண்டு செய்வது பற்றி, பல ஊர்களிலிருந்து நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு இது பதில். ஆர்மீனியாவின் தலைநகரான யெரெவானில் ஆறு ஆண்டுகள் மருத்துவம் படித்தேன். நான் தங்கியிருந்த வீட்டிலேயே, தொண்டு செய்வதற்காகப் பெய்ரூட்டிலிருந்து வந்த ஆர்மீனியப் பெண் ஒருத்தியும் தங்கியிருந்தாள். அவளோடு பழகியதில் அறிந்ததைச் சொல்கிறேன்.

சேலம்: இந்த இளைஞர்கள் போவது தாத்தா பாட்டி பிறந்த ஊருக்கா, அக்கா?

பெரும்பாலோருக்கு அந்த ஊர் கிடைக்காது. ஒட்டோமான் துருக்கியப் பேரரசில் 1915-இல் தொடங்கிய ஆர்மீனிய இனப்படுகொலைக்குத் தப்பிப் பிழைத்தவர்களின் வான், முஷ் போன்ற ஊர்கள் இன்று துருக்கியில் இருக்கின்றன. ஆர்மீனியர்கள் தங்கள் அடையாளமாகக் கருதும் அராரத் மலையும் அங்கேதான். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் கைக்கெட்டும் தூரம். எல்லையோ 1993-இலேயே மூடப்பட்டுவிட்டது. வந்த முதல் நாள் காலை, கையிலிருந்த காபி ஆறிப்போகும்வரை அந்தப் பெண் மலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாட்டியின் ஊருக்கு ஈடாக இன்னோர் ஊரை உழைத்துச் சொந்தமாக்கிக்கொள்கிறார்கள். அதை நான் மிகவும் மதிக்கிறேன்.

திருச்சி: செலவுக்கு என்ன செய்வார்கள்?

பர்த்ரைட் ஆர்மீனியா என்ற அமைப்பு 2003 முதல் இதற்காகவே இயங்குகிறது. குறைந்தது 9 வாரம் தங்க வேண்டும். மொழி வகுப்பு இலவசம். உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கவும் ஏற்பாடு உண்டு.

டொராண்டோ: வீட்டில் பேசும் ஆர்மீனியமே போதாதா?

போதாது. பெய்ரூட்டில் பேசுவது மேற்கு ஆர்மீனியம், யெரெவானில் கிழக்கு. நம் 'ப' எழுத்து 'பல்' என்ற சொல்லில் ஒருவிதமாகவும் 'தம்பி' என்ற சொல்லில் வேறுவிதமாகவும் ஒலிக்கிறதல்லவா? அங்கே அவ்வேறுபாடே ஊருக்கு ஊர் இடம் மாறிவிடும்: யெரெவானில் பெத்ரோஸ் என்றால், பெய்ரூட்டில் அதே பெயரின் முதல் எழுத்து தம்பியின் 'பி'யைப் போல அதிரும். அவள் கடையில் முட்டைக்கு 'ஹவ்கித்' என்று கேட்டாள். கடைக்கார அம்மாள் விழித்தார். விரலால் காட்டியதும், "ட்ஸு" என்று சிரித்தபடி எடுத்துக் கொடுத்தார். அன்றிரவு அவள் அழுதாள். தன் தாய்மொழி தாய்நாட்டிலேயே புரியவில்லை என்பது சிறிய வலி அல்ல. மேற்கு ஆர்மீனியம் அழியும் நிலையில் இருப்பதாக யுனெஸ்கோ பட்டியலிட்டிருக்கிறது. கிழக்கைக் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் பாட்டியின் சொற்களை விட்டுவிடாதீர்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன்.

மதுரை: வேலை என்ன?

அவரவர் படிப்புக்கு ஏற்றது. கியும்ரி என்ற ஆர்மீனிய நகரில் 1988 டிசம்பர் 7 நிலநடுக்கத்துக்குப் பின் தற்காலிகமாக வைத்த 'தோமிக்' எனப்படும் தகரக் கூடுகளில், முப்பது ஆண்டுகள் கழித்தும் குடும்பங்கள் வாழ்ந்ததைப் பார்த்தேன். 2023-இல், அஜர்பைஜானில் ஆர்மீனியர்கள் வாழ்ந்த நகோர்னோ கராபாக் பகுதியிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அகதிகளாக வந்தார்கள். கைகள் எத்தனை இருந்தாலும் அங்கே தேவைதான்.

சென்னை: நம் அரண்மனைக்காரன் தெரு அவர்களுக்குத் தெரியுமா?

ஆர்மீனியக்காரன் தெருதான் அப்படி மருவியது. உலகின் முதல் ஆர்மீனிய இதழான 'அஸ்தரார்' 1794-இல் மதராசில்தான் அச்சானது. இதைச் சொன்னதும் அந்தப் பெண் கைபேசியை நீட்டி, வரைபடத்தில் அந்தத் தெருவைக் காட்டச் சொன்னாள்.