ஐஆர்ஏ எச்சரிக்கை வந்தது வயதால் அல்ல

கேள்வி: எனக்கு 74 வயது. அமெரிக்காவில் ஓய்வு பெற்ற பிறகு ஒரு கல்லூரியில் பகுதிநேரமாகப் பாடம் எடுக்கிறேன். 2025-இல் அதில் கிடைத்த சம்பளம் 6,200 டாலர். பென்ஷன், சோஷியல் செக்யூரிட்டி (அரசு தரும் ஓய்வுக்காலத் தொகை), வங்கி வட்டி தனி. அந்த ஆண்டுக்காக டிரெடிஷனல் ஐஆர்ஏ என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் 8,000 டாலர் போட்டேன். வரி மென்பொருளில் விவரங்களை நிரப்பினால், வரம்பை மீறிவிட்டதாகச் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கிறது. எழுபது தாண்டியவர்கள் ஐஆர்ஏவில் போடவே கூடாது என்கிறார் நண்பர். முழுவதையும் எடுத்துவிடட்டுமா?

பதில்: அவசரப்பட்டு முழுவதையும் எடுத்துவிடாதீர்கள். நண்பர் சொல்வது பழைய விதி. எழுபதரை வயதை எட்டியவர்கள் டிரெடிஷனல் ஐஆர்ஏவில் புதிதாகப் போட முடியாது என்று முன்பு இருந்தது. 2019-ஆம் ஆண்டின் செக்யூர் சட்டம் 2020 முதல் அந்தத் தடையை நீக்கிவிட்டது.

ஆனால் மென்பொருள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2025-க்கான உச்சவரம்பு 7,000 டாலர். ஐம்பது வயதை எட்டியவர்களுக்கு மேலும் 1,000. இந்த 8,000-ஐத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கூடவே இருக்கும் இன்னொரு விதி, ஓய்வுபெற்றவர்களின் கழுத்தைப் பிடிப்பது: அந்த ஆண்டு உழைத்துச் சம்பாதித்ததற்கு மேல் ஒரு டாலர்கூடப் போட முடியாது. பென்ஷன், சோஷியல் செக்யூரிட்டி, வட்டி எதுவும் உழைப்பு வருமானம் ஆகாது. ஆகவே உங்கள் வரம்பு 6,200, மிகை 1,800.

உங்கள் மனைவி வேலை பார்க்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருவரும் சேர்ந்து வரிக் கணக்குத் தாக்கல் செய்தால், அவருடைய சம்பளத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். அவர் தன் ஐஆர்ஏவில் போட்டதைக் கழித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அவருடைய சம்பள விவரம் அடங்கிய டபிள்யூ-2 படிவத்தை இன்னும் உள்ளிடவில்லை என்றால், உள்ளிட்டதும் எச்சரிக்கை தானாகவே மறைந்துவிடலாம். பழைய 401(கே), அதாவது வேலை செய்த நிறுவனத்தின் ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டப் பணத்தை ஐஆர்ஏவுக்கு மாற்றியதைப் புதுப் பணம் என்று தவறான கட்டத்தில் நிரப்பினாலும் இதே எச்சரிக்கை வரும். இந்த இரண்டையும் பார்த்த பிறகே மிகை உண்மையா என்று முடிவு செய்யுங்கள்.

உண்மைதான் என்றால், அப்படியே விட்டுவைக்காதீர்கள். மிகை கணக்கில் கிடக்கும் ஒவ்வோர் ஆண்டும் 6 சதவீதம் அபராத வரி உண்டு. உங்களுக்கு ஆண்டுக்கு 108 டாலர். ஐஆர்ஏ வைத்திருக்கும் நிறுவனத்திடம் 'மிகைப் பங்களிப்பைத் திரும்பப் பெறுதல்' என்று தெளிவாகச் சொல்லி, அதற்கென்று உள்ள படிவத்தைக் கேளுங்கள். வழக்கம்போலப் பணம் எடுத்தால் அது திருத்தமாகக் கருதப்படாது. உங்கள் வயதில் ஆண்டுதோறும் கட்டாயமாக எடுக்க வேண்டிய குறைந்தபட்சத் தொகையான ஆர்எம்டியும் அப்படித்தான். அது வேறு கணக்கு. 1,800 டாலரோடு அது ஈட்டிய லாபத்தையும் எடுக்க வேண்டும். லாபத்தை நிறுவனமே கணக்கிட்டுத் தரும். அந்த லாபத்துக்கு மட்டும் வரி உண்டு. கெடு 2026 ஏப்ரல் 15. வரிக் கணக்கை உரிய காலத்தில் தாக்கல் செய்தவர்களுக்கு அக்டோபர் 15 வரை அவகாசம் உண்டு.

மீதி 6,200 டாலருக்கு வரிக் கழிவு கேட்பதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். ஐஆர்ஏவிலிருந்து நேரடியாகத் தொண்டு நிறுவனங்களுக்கு நன்கொடை அனுப்பும் பழக்கம் உங்களுக்கு உண்டா? எழுபதரைக்குப் பிறகு போட்டுக் கழிவு பெற்ற தொகை, பின்னால் அந்த நன்கொடைக்குக் கிடைக்கும் வரிவிலக்கை அதே அளவுக்குக் குறைத்துவிடும். பழக்கம் உண்டென்றால், கழிவு கேட்காமல், கழிவு பெறாத பங்களிப்புக்கான 8606 படிவத்தில் அந்தத் தொகையைக் காட்டிவிடுங்கள்.