மழை பெய்தால் விழுகிற சுவிட்ச்: பெட்டியை மாற்றுமுன் ஒரு வார்த்தை

கேள்வி: நானும் அம்மாவும் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு குடியிருப்புத் தாமானில் இருக்கிறோம். வீடு கட்டி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. மூன்று வாரமாக மெயின் பெட்டியில் உள்ள பெரிய சுவிட்ச் அடிக்கடி விழுகிறது. பெரும்பாலும் சாயங்கால மழைக்குப் பிறகு, சில நாள் நடுராத்திரியில். ஈப்போவில் தங்கை வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டுத் திரும்பினால், குளிர்பெட்டியில் வைத்திருந்த மீன் முழுதும் நாறிப்போயிருந்தது. ஹார்ட்வேர் கடையில் சொல்லிவிட்ட ஆள் வந்தார். மூடியைக் கழற்றிப் பார்த்தார். "பெட்டியே போய்விட்டது, 1,450 வெள்ளி (ரிங்கிட்) ஆகும். அதுவரை விழாமல் இருக்க நேரடியாக இணைத்துத் தருகிறேன்" என்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: சகோதரி, பெட்டியைப் பற்றிப் பிறகு பேசுவோம். அந்த "நேரடி இணைப்பு", அதாவது பாதுகாப்புச் சுவிட்சைச் சுற்றிக் கடந்து மின்சாரத்தை விடுவது, வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே செய்துவிட்டுப் போயிருந்தால், வேறொரு வயர்மேனை அழைத்து இன்றைக்கே பிரிக்கச் சொல்லுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

செம்பனை ஆலையில் மின்பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்தவன் நான். அதற்கும் முன்னால், தோட்ட லயத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு மின்சார இன்ஜின் ஓடத் தொடங்கி இரவு பத்துக்கு நிற்கும் காலத்தில் வளர்ந்தவன். அன்றைக்குச் சுவிட்ச் விழுகிற கவலையே கிடையாது. விழுவதற்கு ஒன்றுமில்லை, ஒரு பியூஸ் கம்பியைத் தவிர. இன்றைக்கு வீட்டுக்கு வீடு பாதுகாப்புக் கருவி இருக்கிறது. ஆனால் அது வேலை செய்தால் "கெட்டுவிட்டது" என்கிறோம். விழாமல் கிடந்தால் "நல்ல சாமான்" என்கிறோம். இந்தத் தலைகீழ்க் கணக்கில்தான் உங்களிடம் 1,450 வெள்ளி கேட்கிறார்கள்.

உங்கள் பெட்டியில் சின்னச் சின்னதாக வரிசையில் நிற்பவை எம்சிபிக்கள். ஒரு கம்பியில் அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் அதை வெட்டுவது அவற்றின் வேலை. அகலமாக, "டி" (T) என்ற எழுத்தோடு ஒரு சிறு பொத்தான் வைத்திருப்பது ஆர்சிசிபி. நம் ஊரில் இன்னும் பழைய பெயரில் இஎல்சிபி என்றே சொல்வார்கள், போகட்டும். உங்கள் வீட்டில் விழுவது இதுதான். தோட்டத்தில் காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், எண்ணி அனுப்பிய ஆள்கள் மாலையில் அத்தனை பேரும் திரும்பினார்களா என்று பார்க்கிற கணக்கப்பிள்ளையான கிராணியின் வேலை இதற்கு. சிவப்புக் கம்பியில் போன மின்சாரம் கறுப்புக் கம்பி வழியாக முழுதாகத் திரும்ப வேண்டும். குறைந்தால், அது எங்கோ சுவர் ஈரத்திலோ, ஹீட்டரின் உடலிலோ, மனிதரின் கையிலோ கசிகிறது என்று பொருள். 30 மில்லி ஆம்பியர் கருவி என்றால், 15க்கு மேல் 30க்குள் கசிவு வந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் வெட்டிவிடும். அதற்கு மேல் போனால் நெஞ்சின் துடிப்பைக் குலைக்கலாம் என்பதால்தான் அந்த அளவு.

மழைக்குப் பிறகு விழுகிறது என்றால், மழை எங்கோ உள்ளே போகிறது. வரவேற்பறைச் சுவரில் நனையாமல் இருக்கும் பெட்டிக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம்? இந்தக் கேள்வியை அந்த ஆளிடம் கேட்டிருந்தாலே அவர் மூடியைத் திரும்பப் பூட்டியிருப்பார்.

இப்போது நீங்களே செய்யக்கூடியது. மூடியைத் திறக்க வேண்டாம், திருப்புளி எடுக்க வேண்டாம். கை உலர்ந்திருக்கட்டும், காலில் செருப்பு இருக்கட்டும். சுவிட்ச் விழுந்திருக்கும்போது எம்சிபிக்கள் அனைத்தையும் கீழே இறக்குங்கள். ஆர்சிசிபியை மேலே தள்ளுங்கள். நின்றால், எம்சிபிக்களை ஒவ்வொன்றாக, நடுவில் ஒரு நிமிடம் விட்டு, ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்தப் பாதையில் உள்ள பிளக்குகளைப் பிடுங்கிவிட்டு மறுபடி பாருங்கள். பிளக் எல்லாம் பிடுங்கிய பின் நின்றால், குற்றவாளி ஒரு சாமான். அப்போதும் விழுந்தால் கம்பியில் அல்லது விளக்கில் கோளாறு. திரும்பத் திரும்பப் பத்து தடவை தள்ளிப் பார்க்காதீர்கள். கசிவு இருக்கும் இடத்துக்கு ஒவ்வொரு தடவையும் மின்சாரத்தை அனுப்பி வைக்கிறீர்கள்.

இதை எல்லோரும் சொல்வார்கள். யாரும் சொல்லாத ஒன்று உண்டு. மழை வீட்டில் பாதி நேரம் அதுதான் நடக்கிறது என்பதால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எம்சிபியை இறக்கினால் அந்தப் பாதை முழுதாகத் துண்டிக்கப்பட்டது என்று நினைக்கிறோம். இல்லை. நம் வீட்டுப் பெட்டிகளில் எம்சிபி வெட்டுவது சிவப்புக் கம்பியை மட்டும். கறுப்புக் கம்பிகள், அதாவது நியூட்ரல், அனைத்தும் பெட்டிக்குள் ஒரே பித்தளைக் கட்டையில் சேர்த்து முறுக்கப்பட்டிருக்கும். எம்சிபி மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் அவை கட்டையோடுதான் இருக்கும். வாசல் விளக்கில் தண்ணீர் புகுந்து அதன் நியூட்ரல் கம்பி எர்த்தை (மண்ணுக்குப் போகும் பாதுகாப்புக் கம்பியை)த் தொட்டுவிட்டது என்று வையுங்கள். கிராணி உதாரணத்தையே எடுத்தால், வேலிக்குப் பின்னால் ஒரு பொத்தல் விழுந்துவிட்டது. இனி அந்தப் பிரிவு ஆள்கள் மட்டுமல்ல, எந்தப் பிரிவின் ஆள்களும் மாலையில் கிராணி முன்னால் வராமல் அந்தப் பொத்தல் வழியாக வீட்டுக்குப் போகலாம். சமையலறையில் கேத்தல் போடுகிறீர்கள். அதன் மின்சாரம் திரும்பும்போது ஒரு துளி வாசல் விளக்கு வழியாக மண்ணுக்குள் போகிறது. கணக்கு இடிக்கிறது, சுவிட்ச் விழுகிறது. நீங்கள் பார்ப்பது என்ன? சமையலறை எம்சிபியை ஏற்றினேன், விழுந்தது. ஆகவே சமையலறையில் கோளாறு. கேத்தலைத் தூக்கி எறிகிறீர்கள், புதிது வாங்குகிறீர்கள், மறுபடி விழுகிறது. வாசல் விளக்கின் எம்சிபியோ கீழே இறங்கி நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கிறது.

இன்னும் மோசம், எம்சிபி அனைத்தையும் இறக்கிய பிறகும் ஆர்சிசிபி நிற்க மறுக்கலாம். தெருக் கம்பியின் நியூட்ரலுக்கும் உங்கள் வீட்டு எர்த்துக்கும் நடுவில் சில வோல்ட் வித்தியாசம் இருப்பது சகஜம். பொத்தல் பெரிதாக இருந்தால் அதுவே போதும். "எல்லாவற்றையும் இறக்கியும் நிற்கவில்லை, அப்படியானால் ஆர்சிசிபிதான் கெட்டது, பெட்டிதான் கெட்டது" என்ற முடிவு இந்த இடத்தில்தான் பிறக்கிறது. உங்களிடம் வந்தவரும் இங்கேதான் நின்றிருப்பார். தெரியாமல் நின்றாரா, தெரிந்தே நின்றாரா என்பதை நான் சொல்ல முடியாது.

அதனால் எல்லாம் இறக்கியும் நிற்கவில்லை என்றால், வீட்டில் உள்ள அத்தனை பிளக்கையும் உருவுங்கள். சுவர்ச் சுவிட்சை அணைத்தால் போதாது, அதுவும் பெரும்பாலும் சிவப்பை மட்டுமே வெட்டும். குளியலறை ஹீட்டருக்குப் பிளக் கிடையாது. அதற்கான பெரிய 20 ஆம்பியர் சுவிட்ச் முறையாகப் போட்டதாக இருந்தால் இரண்டு கம்பியையும் வெட்டும், அதை அணையுங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் உங்கள் வேலை முடிந்தது. அடுத்தது வயர்மேனின் வேலை: மெயினை அணைத்து, நியூட்ரல் கம்பிகளைக் கட்டையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, 500 வோல்ட் மெக்கர் (கம்பியின் காப்பு எவ்வளவு தாங்குகிறது என்று அளக்கும் கருவி) வைத்து அளப்பது. ஒரு பாதை 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அதுதான் பொத்தல். எல்லாக் கம்பியையும் கழற்றிய பிறகும் தனியாக நிற்கும் ஆர்சிசிபி நிற்க மறுத்தால், அப்போது, அப்போது மட்டும், அது கெட்டது. அந்த ஒன்றை மாற்றினால் போதும். அதன் விலை உங்களிடம் கேட்டதில் சிறு பகுதி.

மழைத்தண்ணீர் எங்கே புகுகிறது என்று கேட்டால், என் அனுபவத்தில் வாசல்தான். கார் நிறுத்தும் இடத்து விளக்கு, கேட் மோட்டார், தீபாவளிக்குத் தொங்கவிட்டுச் சித்திரை வரை கழற்றாத தோரண விளக்கு. நான் பார்த்த ஒரு வீட்டில் இரண்டு வயர்மேன்கள் வந்து ஆளுக்கொரு ஆர்சிசிபி மாற்றிவிட்டுப் போயிருந்தார்கள். வாசலில் சாமி மேடை, அதில் ஒரு சிவப்பு பல்பு. அதற்கு இழுத்தது மெல்லிய அழைப்புமணிக் கம்பி. துளசிச் செடிக்கு ஊற்றிய தண்ணீர் தினமும் அந்த இணைப்பில் இறங்கியிருக்கிறது. இணைப்பு டேப்பைப் பிரித்தபோது உள்ளே எறும்புக் கூடு. சாமி மேடை விளக்கைக் கழற்றுவதற்கு அந்த வீட்டுப் பாட்டி சம்மதிக்க அரைமணி நேரம் ஆனது. கோளாறைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்தான்.

நடுராத்திரியில் விழுகிற நாள்கள் மழை இல்லாத நாள்களாகவும் இருந்தால் குளிர்பெட்டியைச் சந்தேகியுங்கள். உறைபனி கட்டாத வகைக் குளிர்பெட்டிக்குள் பனியை உருக்க ஒரு சூடேற்றி உண்டு. சில மணி நேரத்துக்கு ஒருமுறை தானாக எரியும். அது கசிந்தால், நீங்கள் பார்க்கும்போதெல்லாம் நன்றாக இருந்து, தூங்கும்போது விழும். இடி இடிக்கும் கணத்தில் ஒரே ஒருமுறை விழுந்து, ஏற்றினால் நின்றுவிடுவது வேறு கதை. நம் நாட்டு இடிக்கு அது ஆச்சரியமில்லை.

பெட்டிக்குள் உண்மையிலேயே கோளாறு என்றால் அது வேறு விதமாகத் தெரியும். பிளாஸ்டிக் கருகிய வாடை, எம்சிபியின் முகம் பழுப்பேறுவது, சீறுகிற சத்தம், மூடியில் கை வைத்தால் ஒரு இடம் மட்டும் சூடு. அநேகமாகத் திருகு தளர்ந்து கம்பி சூடேறியிருக்கும். மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். அதற்கும் அந்த எம்சிபியையும் கருகிய கம்பி முனையையும்தான் மாற்ற வேண்டும், பெட்டியை அல்ல.

இனி நம் ஊரில் நடக்கிற கூத்துகள். ஒன்று, உங்களுக்குச் சொன்ன நேரடி இணைப்பு. கிராணியை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கணக்கு சரியாக இருக்கிறது என்பது போன்றது. ஹீட்டரில் குளிக்கும் அம்மாவுக்கும் மண்ணுக்கும் நடுவில் எதுவும் இருக்காது. இரண்டாவது இன்னும் நயமானது: 30 மில்லி ஆம்பியர் கருவியைக் கழற்றிவிட்டு 100 மில்லி ஆம்பியர் போடுவது. பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். சுவிட்ச் விழாது, மனிதர் விழுவார். 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறை விதிகள் தெளிவாகச் சொல்கின்றன: ஈரமான இடத்துக்கு 10 மில்லி ஆம்பியர், கையில் பிடிக்கும் சாமான்களுக்கு மின்சாரம் தரும் பாதைக்கு 30, மற்றவற்றுக்கு 100. உங்கள் கருவியின் முகத்தில் எந்த எண் இருக்கிறது என்று இப்போதே கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆள் வந்து போன பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றாவது, அடிக்கடி விழுகிற 20 ஆம்பியர் எம்சிபியை 32 ஆக்குவது. 20 ஆம்பியர் என்றால் 230 வோல்ட்டில் 4,600 வாட். அதற்கு மேல் அந்தக் கம்பி தாங்காது என்பதால்தான் விழுகிறது. பெரிய எம்சிபி போட்டால் கம்பி தடிக்குமா?

கடைக்காரர் "தெரிந்த ஆள்" என்று அனுப்புகிறாரே, அவருக்குச் சாமானில் ஒரு லாபம், ஆளிடம் ஒரு கமிஷன். வருகிறவர் கையில் மெக்கர் இருக்காது, சோதனைத் திருப்புளி இருக்கும். தகுதிச் சான்றிதழ் கேட்டால் "முதலாளியிடம் இருக்கிறது" என்பார். முதலாளி யார் என்றால் கடைக்காரருக்கும் தெரியாது. எரிசக்தி ஆணையத்திடம் பதிவு பெற்ற குத்தகையாளரைத்தான் அழைக்க வேண்டும் என்று அறிவிப்பு மேல் அறிவிப்பு விடுகிறார்கள், சரி. ஒரு சுவிட்ச் விழுகிறது என்பதற்காக ஈப்போவிலிருந்து எந்தப் பதிவு பெற்ற நிறுவனம் இங்கே வரும்? சான்றிதழ் வாங்கிய நம் பையன்கள் பாதிப் பேர் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். வீடு கட்டி முடித்தபோது ஒருமுறை சோதித்ததோடு சரி, அதற்குப் பிறகு யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. மின்சார நிறுவனமான தெனாகாவைக் கூப்பிட்டால் மீட்டர் வரைதான் தங்கள் பொறுப்பு என்பார்கள். அது சரியான பதில்தான், ஆனால் அடுத்த பதிலைச் சொல்ல ஆளில்லை. தெரு முழுதும் இருட்டு என்றால் மட்டும் அவர்களுடைய 15454 எண்ணைக் கூப்பிடுங்கள்.

ஆகவே வருகிறவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். உங்கள் பெயரில் வயர்மேன் தகுதிச் சான்றிதழ் இருக்கிறதா? மெக்கர் கொண்டு வந்திருக்கிறீர்களா? எந்தப் பாதை எத்தனை மெகா ஓம் காட்டுகிறது என்று எழுதித் தருவீர்களா? மூன்றாவது கேள்வியிலேயே பலர் வேறு வேலை இருக்கிறது என்று கிளம்பிவிடுவார்கள், நல்லது. மாற்றும் கருவியில் சிரிம் என்னும் மலேசியத் தர நிறுவனத்தின் முத்திரை ஒட்டியிருக்க வேண்டும். ஒருவேளை பெட்டியையே மாற்றும் நிலை வந்தால், பாரம் எச் என்னும் சோதனைச் சான்றிதழைக் கையில் வாங்காமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். வேலை முடிந்ததும் மின்சாரம் இருக்கும்போது அந்த "டி" பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். விழ வேண்டும். அழுத்தியும் விழாத கருவியும் கெட்ட கருவிதான். மாதம் ஒருமுறை நீங்களே அழுத்திப் பார்க்கலாம், அதற்கு யாருக்கும் வெள்ளி கொடுக்க வேண்டியதில்லை.

வாசல் விளக்கில்தான் கோளாறு என்று தெரிந்து, புது விளக்கு போட ஒரு வாரம் ஆகும் என்றால், அதன் சிவப்புக் கம்பியோடு நியூட்ரலையும் பெட்டியிலிருந்து கழற்றிக் காப்பிட்டு வைக்கச் சொல்லுங்கள். எம்சிபியை மட்டும் இறக்கிவிட்டு ஈப்போவுக்குப் போனால், திரும்பி வரும்போது மீன் மறுபடி நாறியிருக்கும்.