மலைத்தெய்வம் பேசத்தான் வேண்டுமா?

வணக்கம். நீலகிரியில் தேனெடுக்கும் ஊர் ஒன்றை வைத்து நீங்கள் எழுதிவரும் மாயக்கதையில், மூன்றாம் அத்தியாயத்தில் மலைத்தெய்வம் தோன்றியவுடன் எல்லாம் மேடை நாடகம் போல் ஆகிவிடுகிறது என்றும், பினாங்கைத் தாண்டி எந்த மலையையும் பார்க்காததுதான் குறையோ என்றும் கேட்டிருந்தீர்கள். அது குறையன்று, நானும் பினாங்கின் ஆயர் ஈத்தாமில் அமர்ந்து, கொடிமலையை மூடும் பனியைப் பார்த்தே எழுதுபவன்.

உங்கள் தெய்வம் நிறையப் பேசுகிறது, ஆனால் அந்த ஊரில் யாருடைய வேலையையும் அது மாற்றவில்லை. குறும்பர் முதலிய மலைமக்களில் ஒருவர் செங்குத்துப் பாறையில் கொடியேணி வழியாகத் தேனடைக்கு இறங்கும்போது, மேலே கயிற்றைக் காப்பவர் பெரும்பாலும் அவருடைய மைத்துனராகவே இருப்பார். உடன்பிறந்தவள் கைம்பெண்ணாவதை எவனும் விரும்பமாட்டான் என்பதே அதிலுள்ள கணக்கு. மைத்துனன் இல்லாத ஒருவன், கயிற்றின் முனையை ஒரு மரத்தில் கட்டிவிட்டு, மலையையே மைத்துனனாக அழைத்து இறங்குவதாக எழுதிப் பாருங்கள்: இருட்டில், மேலே ஆளே இல்லாதபோது, தளர்ந்த கயிற்றை யாரோ இழுத்துச் சரிசெய்கிறார்கள். அதற்குமேல் தெய்வத்துக்கு வசனம் தேவைப்படாது.

நம் மலேசியாவிலேயே, 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு மலையைக் சபாவின் கடசான்-டூசுன் பழங்குடி மக்கள் முன்னோரின் ஆன்மாக்கள் தங்குமிடமாகக் கருதி, கோழியும் முட்டையும் படைக்கும் வழக்கம் உண்டு. அங்கும் அச்சத்தைச் சுமப்பது சடங்குதான்.

ஒன்று மட்டும்: தெய்வம் உங்கள் கற்பனையாதலால், அதைக் குறும்பரின் நம்பிக்கையென்று எழுதாமல், ஊருக்கும் குடிக்கும் புதுப்பெயர் இட்டுவிடுங்கள்.