யூசிக்கு மறுபடி விண்ணப்பிக்கலாமா, பழைய கட்டுரைகளையே போடலாமா?

வணக்கம் சகோதரி. கோவையிலிருந்து பிரீமாண்ட் வந்து இரண்டு வருடம் ஆகிறது, மகளுக்கு யூசி என்கிற கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ வளாகங்கள் மூன்றிலும் இடம் கிடைக்கவில்லை, ஒரு வருடம் வீட்டிலிருந்து திரும்பப் போட்டால் கிடைக்குமா, போன தடவை எழுதிய நான்கு கட்டுரைகளையே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மறுபடி விண்ணப்பிக்கத் தடை எதுவும் இல்லை, தான் எழுதியதைத் தானே திரும்ப எடுத்துக்கொள்வதும் குற்றமில்லை. ஆனால் தயவுசெய்து அவளை ஒரு வருடம் வீட்டில் உட்கார வைக்காதீர்கள்.

நம் ஊரில் நீட்டுக்கு ரிப்பீட் செய்வதில் அர்த்தம் உண்டு. புதுத் தேர்வு, புது மதிப்பெண். இங்கே யூசி ஜி.பி.ஏ. (சராசரி மதிப்பெண்) கணக்குப் போடுவது ஒன்பதாவது முடிந்த கோடையிலிருந்து பதினொன்றாவது முடிந்த கோடை வரை படித்த பாடங்களை வைத்து, அது இனி நகராது. எஸ்ஏடி நுழைவுத் தேர்வில் அதிகம் எடுத்துக் காட்டலாம் என்றால் சேர்க்கைக்கு அதைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். ஆக, மாற்ற முடிந்ததாக மிஞ்சுவது கட்டுரைகளும் இந்த இடைவெளியில் அவள் செய்யும் காரியங்களும்தான். அந்தக் கட்டுரைகளையும் அப்படியே போட்டால் அடுத்த வருடம் வேறு முடிவு வர என்ன காரணம் இருக்கிறது?

கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டு வருடப் பொதுக் கல்லூரியில் சேருங்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே ஓலோனி இருக்கிறது, கொஞ்சம் தள்ளி குப்பர்டினோவில் டி ஆன்சா. கலிபோர்னியாவாசி என்ற தகுதி இருந்தால் ஒரு செமஸ்டர் யூனிட்டுக்கு (பாட அளவு) 46 டாலர்தான். 60 செமஸ்டர் யூனிட் முடித்து யூசியில் மூன்றாம் ஆண்டுக்கு டிரான்ஸ்பர் ஆகலாம், அப்படி வருகிறவர்களுக்கு யூசி முன்னுரிமை தருகிறது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பள்ளி முடித்தபின் கோடை வகுப்பு எடுத்தால் பரவாயில்லை, ஆனால் இலையுதிர் பருவத்தில் சேர்ந்துவிட்டால் அப்புறம் முதலாண்டு மாணவியாக விண்ணப்பிக்க முடியாது, டிரான்ஸ்பர்தான். பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் அவள் இருந்தால் 21 வயதோடு அது முடிகிறது என்பதால், ஒரு வருடம் போவது உங்களுக்கு இன்னும் பெரிய இழப்பு.

சரி, கட்டுரைக்கு வருகிறேன். டிரான்ஸ்பரிலும் நான்கு பதில்தான், ஒவ்வொன்றும் 350 சொல்லுக்குள். எடுக்கப்போகும் மேஜருக்கு (முதன்மைப் பாடம்) எப்படித் தயாரானாய் என்ற கேள்வி கட்டாயம், அதைப் புதிதாகத்தான் எழுத வேண்டும். மற்ற மூன்றும் தலைமை, சவால், சமூகம் என்று பெரும்பாலும் அவள் ஏற்கெனவே பார்த்த கேள்விகளே, அதனால்தான் பழையதை ஒட்டிவிடலாம் என்று கை போகும். எங்கள் பக்கத்து வீட்டுப் பையனும் அப்படித்தான் ஆரம்பித்தான். தலைமைக்குப் பள்ளி ரோபாட்டிக்ஸ் கிளப் கட்டுரை கையில் இருந்தது, நன்றாகவே எழுதியிருந்தான். ஆனால் அதற்குள் அவன் காலேஜில் கணக்கு டியூட்டராக வேலை செய்துகொண்டிருந்தான். பல வருடம் லாரி ஓட்டிவிட்டுப் படிக்க வந்த ஒருவர் பின்னம் வந்தாலே பேனாவைக் கீழே வைத்துவிடுவாராம். இவன் அவரிடம் டீசல் டேங்க் கால்வாசி, அரைவாசி என்று பேசிப்பேசி, அவரே பலகையில் போட்டுக் காட்டும் வரை கொண்டுவந்திருக்கிறான். அதை எழுதச் சொன்னோம். பழைய கட்டுரையிலிருந்து இரண்டு வரி மட்டும் உள்ளே வந்தது. உங்கள் மகளும் பழையதைத் தூக்கி எறிய வேண்டாம். அதில் எது இன்னும் அவளாக இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளட்டும். பதினேழு வயதில் எழுதியதைப் பத்தொன்பது வயதில் கொடுத்தால், நடுவில் ஒன்றுமே நடக்கவில்லையா என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும்.

காசு வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுக்கிறோம் என்பவர்கள் பக்கமே போகாதீர்கள். வேறொருவர் எழுத்து என்று தெரிந்தால் விண்ணப்பமே ரத்தாகலாம்.

முதல் பருவத்திலேயே கவுன்சிலரைப் பார்த்து, எந்தப் பாடத்தை யூசி ஏற்கும் என்று அசிஸ்ட் தளத்தில் சரிபார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆறுக்கும் டேக் என்ற இட உத்தரவாதம் உண்டு, அதற்குச் செப்டம்பரில் மனு கொடுக்க வேண்டும், ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் கொடுக்கலாம். மகள் என்ன மேஜர் என்று நீங்கள் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் எல்லா வளாகத்திலும் டேக் கிடைக்காது, அதை இப்போதே பார்த்துவிட்டுக் காலேஜைத் தேர்ந்தெடுங்கள்.