பி.எஃப்.ஏ. சேர்ந்தால் எந்தப் பிரிவை எடுப்பது?

பிளஸ் டூ முடித்த ஒருவர் கேட்டிருக்கிறார். நன்றாக வரைவாராம், பி.எஃப்.ஏ. என்ற கவின்கலைப் பட்டப்படிப்பில் சேரப் போகிறாராம். ஓவியம், சிற்பம், பதிப்போவியம், சுடுமண், துணி வடிவமைப்பு, விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன் என்று இத்தனை பிரிவு இருக்கிறதே, எதை எடுத்தால் பிற்பாடு சோறு போடும் என்பது அவர் கேள்வி.

நான் பதிப்போவியம், அதாவது தகட்டில் வரைந்து தாளில் அச்செடுக்கும் கலை, படித்தவன். விரும்பி எடுத்ததில்லை. நான் கேட்டது விஷுவல் கம்யூனிகேஷன். தரவரிசையில் என் முறை வந்தபோது அது நிரம்பிவிட்டது, மிச்சமிருந்ததில் ஒன்றைக் காட்டினேன். இப்போது கேட்டால் அதைத்தான் எடு என்பேன். ஆகவே இந்தப் பதிலில் கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு ஒரு குழப்பம் வரும், அதை முதலில் தீர்த்துவிடுங்கள். கலை அறிவியல் கல்லூரிகளில் இருக்கும் பி.எஸ்சி. விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) வேறு, இது வேறு. அது மூன்று வருடம், கேமரா, விளம்பரம், ஊடகம் பக்கம் போகும். பி.எஃப்.ஏ. நாலு வருடம், பொழுதெல்லாம் கைவேலை. சேர்வதற்கு மதிப்பெண் மட்டும் போதாது, உட்காரவைத்து வரையச் சொல்லிப் பார்ப்பார்கள். பிரிவை விண்ணப்பத்திலேயே கேட்கும் இடமும் உண்டு, முதல் வருடம் எல்லாருக்கும் பொதுவாக அடிப்படை சொல்லிக்கொடுத்துவிட்டுப் பிறகு பிரிக்கும் இடமும் உண்டு. இரண்டாவது வகை கிடைத்தால் அதிர்ஷ்டம். கோயில் சிற்ப மரபில் கல், மரம், சுதை, உலோகம் என்று கற்க ஆசையென்றால் அதற்கு மாமல்லபுரத்தில் தனியாகவே அரசுக் கல்லூரி இருக்கிறது.

சரி, எதை எடுப்பது? என் கணக்கு இதுதான். எந்தக் கருவியை உங்களால் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாதோ, அந்தக் கருவி இருக்கும் பிரிவை எடுங்கள். சட்டகமும் துணியும் வண்ணமும் வாங்கி மொட்டை மாடியில் உட்கார்ந்து ஓவியம் போடலாம். டிசைன் மென்பொருளை லேப்டாப்பில் பழகிக்கொள்ளலாம், நானே அப்படித்தான் பழகினேன். ஆனால் சூளை, தறி, உலோகம் உருக்கும் உலை, தகட்டிலிருந்து அச்செடுக்கும் எட்சிங் பிரஸ் இதெல்லாம் எந்த வீட்டில் இருக்கிறது? நாலு வருடம் அது உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். அதற்கப்புறம் கிடைக்காது.

சென்னைக் கவின்கலைக் கல்லூரியின் கதையே இதைத்தான் சொல்கிறது. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் ஆரம்பித்தது. அன்றைக்கு நோக்கம் சுவரில் மாட்டும் படம் மட்டுமல்ல, கைத்தொழிலும்தான். இன்றும் அங்கே சுடுமண்ணும் துணி வடிவமைப்பும் ஓவியத்துக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. பிரிவு என்பது ஆயுள் தண்டனையும் இல்லை. அங்கே நெடுங்காலம் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி ஓவியரும்தான், மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்ததும் அவர்தான்.

பதிப்போவியம் என்றால் என்ன என்று என் அம்மாவுக்கு இன்னும் நான் சரியாகச் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். துத்தநாகத் தகட்டின்மேல் மெழுகும் தாரும் கலந்த பூச்சு பூசி, ஊசியால் கீறி வரைவோம். கீறிய இடத்தில் மட்டும் உலோகம் தெரியும். அதை ஆசிட் தட்டில் இறக்கினால் கோடுகளில் பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பும். குமிழை அப்படியே விட்டால் கோடு சீராக அரிக்காது, ஆகவே ஒரு பறவை இறகால் மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். சீக்கிரம் எடுத்தால் மெல்லிய கோடு, ஊறவிட்டால் கறுத்த கோடு. அப்புறம் பூச்சைத் துடைத்து, மையைப் பள்ளங்களில் அழுத்தி, மேலே இருப்பதை மல் துணியால் வழித்து, ஈரத் தாளைப் போட்டு, கம்பளியால் மூடி, பிரஸ் சக்கரத்தைச் சுற்ற வேண்டும்.

என் முதல் தகடு எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு டீக்கடை. பாய்லர், பெஞ்சு, தொங்குகிற வாழைத்தார், மேலே ‘டீ காபி பால்’ பலகை. பத்து நாள் வேலை. சக்கரத்தைச் சுற்றி, கம்பளியைத் தூக்கி, தாளின் ஒரு மூலையைப் பிடித்து உரித்தேன். எழுத்தெல்லாம் திரும்பிக் கிடந்தது. அச்சில் இடம் வலமாகும் என்று வகுப்பில் சொன்னபோது தலையாட்டியவன்தான் நான். பிரஸ்ஸைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, கடைக்கு உள்ளேருந்து வரைஞ்சியா?” என்றார். அந்த வருடம் முழுக்கத் தமிழைத் தலைகீழாக அல்ல, இடவலமாக எழுதிப் பழகினேன். ‘ப’ இடவலமாகத் திருப்பினாலும் துரோகம் செய்யாத எழுத்து. ‘ழ’வை இன்றைக்கும் கண்ணாடி பார்த்துத்தான் எழுதுவேன்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். கட்டணத்தைவிடச் சாமான்தான் கடிக்கும். தகட்டை நாலு பேர் சேர்ந்து வாங்கி வெட்டிப் பங்கு போட்டுக்கொள்வோம். நல்ல தாளை ப்ரூஃபுக்கு, அதாவது சோதனை அச்சுக்கு, வீணாக்க மனசு வராது, நியூஸ் பிரிண்டில் எடுத்துப் பார்ப்போம். ஸ்கெட்ச் போட சென்ட்ரல், எழும்பூர் என்று ரயில் நிலையம் ரயில் நிலையமாகத் திரிவது மட்டும்தான் செலவில்லாத படிப்பு, பிளாட்பாரம் டிக்கெட்டைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

சோறு போடுமா? எனக்குப் பதிப்போவியம் நேரடியாகப் போடவில்லை. படிப்பு முடிந்த மறுவாரமே பிரஸ் இல்லாதவனாகிவிட்டேன். கிரீம்ஸ் சாலையில், மத்திய அரசின் கலை அமைப்பான லலித் கலா அகாடமியில் பதிப்போவியக்கூடம் இருக்கிறது, கொஞ்ச நாள் அங்கே ஓடினேன். இப்போது அட்டைப்பெட்டி அச்சடிக்கும் இடத்தில் வடிவமைப்பு வேலை. அங்கே என்னைச் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம் என் கம்ப்யூட்டர் வேலை இல்லை. நேர்காணலில் ஒரு அச்சுத்தாளைக் கொடுத்துக் குறை சொல்லச் சொன்னார்கள். சிவப்பு மை ஒரு நூலிழை அளவு விலகி அச்சாகியிருப்பதைக் காட்டினேன். நாலு வருடம் ஒரு தகட்டின் அச்சின்மேல் இன்னொரு தகட்டின் அச்சைப் பொருத்திப் பொருத்தி வந்த கண் அது. கூடப் படித்தவர்களில் துணி வடிவமைப்புக்காரர்களுக்குத்தான் வேலை சீக்கிரம் கிடைத்தது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஓவியம் படித்தவர்கள் சிலர் பள்ளியில் டிராயிங் மாஸ்டர், சிலர் சினிமாவில் கலைத்துறை உதவியாளர்.

விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் கல்லூரிக்கு ஒரு வேலை நாளில் போங்கள். கண்காட்சி நாளில் வேண்டாம், அன்றைக்கு எல்லாம் பளபளவென்று இருக்கும். ஒவ்வொரு பிரிவிலும் கேட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் சும்மா உட்காருங்கள். மண் பிசைகிற சத்தம், கல் உளிச்சத்தம், ஆசிட் நெடி, கணிப்பொறி அறையின் ஏசி, எங்கே எழுந்து போகத் தோன்றவில்லை என்று பாருங்கள். பதிப்போவியப் பிரிவுக்குப் போனால் பழைய சட்டையாகப் போட்டுக்கொண்டு போங்கள், அங்கே யாராவது ஒருவர் சக்கரத்தைச் சுற்றக் கை கொடுக்கச் சொல்வார்.