சிங்கப்பூர் – நியூயார்க்: தொலைவும் நேரமும்

கேள்வி: சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கு 15,349 கிலோமீட்டர் என்கிறார்கள். உலகப் படத்தில் அளந்தால் அதைவிடக் கூடுதலாக வருகிறதே?

பதில்: உருண்டையைத் தாளில் விரிக்கும்போது வடபகுதிகள் இழுபட்டுப் பெருத்துவிடுவதால், படத்தில் நேர்கோடாகத் தெரிவது உண்மையில் சுற்றுவழி. பூகோள உருண்டை ஒன்றை எடுத்து, இரு ஊர்களிலும் நூலின் முனைகளைப் பிடித்து இறுக்கிப் பாருங்கள். நூல் வழுக்கிக்கொண்டு வடதுருவத்தின் பக்கத்தில் போய் நிற்கும். சாங்கி கிழக்கே 104 பாகையிலும் நியூயார்க் மேற்கே 74 பாகையிலும், அதாவது ஏறத்தாழ எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில், இருப்பதே காரணம். இதனால் கணக்கும் எளிதாகிறது: சாங்கியிலிருந்து துருவம் வரை 88.6 பாகை, அங்கிருந்து நியூயார்க் வரை 49.4 பாகை, ஆக 138. பாகைக்கு 111.2 கிலோமீட்டர் என்று பெருக்கினால் 15,346 கிடைக்கும். மூன்று கிலோமீட்டர்தான் வித்தியாசம்!

கேள்வி: மணிக்கு 900 கிலோமீட்டர் வேகமென்றால் 17 மணி நேரம்தானே ஆக வேண்டும்? பயணச்சீட்டில் 18 மணிக்கு மேல் போட்டிருக்கிறதே?

பதில்: சீட்டில் உள்ளது, விமானம் புறப்பாட்டு வாயிலை விட்டு நகர்வது முதல் மறுமுனையில் வந்து நிற்பது வரையிலான நேரம். அதைவிட முக்கியமாக, அந்தக் குறுகிய பாதையில் விமானம் பெரும்பாலும் பறப்பதில்லை. மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று முதுகில் தள்ளும் என்பதால், நியூயார்க் செல்லும்போது பசிபிக் வழியாக நீண்ட பாதையையே பெரும்பாலும் தேர்ந்தெடுப்பார்கள். காற்று நாளுக்கு நாள் மாறுவதால் பாதையும் மாறும்.

கேள்வி: மகளைப் பார்க்க ஜூன் மாதம் செல்கிறோம். நள்ளிரவு 12 மணிக்குப் புறப்பட்டு, அதே நாள் காலை 6.30க்குச் சேருவதாகச் சீட்டில் உள்ளது. அச்சுப் பிழையா?

பதில்: பிழையில்லை. பதினெட்டரை மணி நேரம் பறந்து இறங்கும்போது சிங்கப்பூரில் மாலை 6.30. கோடைக்காலத்தில் நியூயார்க் 12 மணி நேரம் பின்தங்கியிருப்பதால் அங்கே அன்று காலை 6.30. (நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை வித்தியாசம் 13 மணி.) திரும்பும்போது இதற்கு வட்டியும் முதலுமாகக் கொடுக்க வேண்டியிருக்கும்: திங்கள் இரவு 10.30க்குக் கிளம்பி 18¾ மணி நேரம் பறந்தால், இறங்குவது புதன் அதிகாலை 5.15. செவ்வாய்க்கிழமை வானத்திலேயே கழிந்துவிடும். வேளை தவறாமல் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள், எந்த ஊர் நேரப்படி எடுப்பது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

கேள்வி: கென்னடியா, நியூவார்க்கா? எது கிட்ட?

பதில்: நியூயார்க்கை ஒட்டி நியூ ஜெர்சியில் இருக்கும் நியூவார்க் விமான நிலையம் 5 கிலோமீட்டர் குறைவு, அதைப் பொருட்படுத்த வேண்டாம். மகள் நியூ ஜெர்சியில் இருந்தால் நியூவார்க்கில் இறங்குங்கள்.

கேள்வி: இந்த நேரடி விமானத்தில் சாதாரண வகுப்பே இல்லையாமே?

பதில்: இல்லை. 2004இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நியூவார்க்குக்குத் தொடங்கிய சேவை நான்கு எஞ்சின் ஏர்பஸ் ஏ340-500இல் நடந்து, எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் 2013இல் நின்றது. 2018 அக்டோபரில் மீண்டும் தொடங்கியபோது வந்த ஏ350-900 யுஎல்ஆர் (மிக நீண்ட தூரப் பயணத்துக்கான வகை) இரட்டை எஞ்சின் விமானம். 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். அதன் எடை மட்டுமே சுமார் 130 டன் என்பதால், இருக்கைகளை 161 ஆகக் குறைத்து, பிசினஸ், பிரீமியம் எகானமி என இரண்டே வகுப்புகள் வைத்திருக்கிறார்கள். குறைந்த கட்டணம்தான் வேண்டுமென்றால், ஃபிராங்க்ஃபர்ட் வழியாகச் செல்லும் சேவையைப் பாருங்கள். நேரம் கூடும், ஆனால் நடுவில் இறங்கிக் காலாற நடக்கலாம்.